நாவல்ல அந்தப் பையன் எந்த வாசல் வழியா வர்றான்?

வணக்கம். பத்தாவது படிக்கிற ரெண்டு பசங்களோட சிநேகிதம், ஒருத்தன் பெரிய வீட்டு நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) பையன், இன்னொருத்தன் ஊரு தள்ளிவைக்கிற சாதியில இருந்து அந்த வீட்டுக்கு வந்துபோற சிநேகிதன். அதுக்குக் குறுக்க நிக்கிற ஊரோட சாதிப் பார்வை. இதைச் செட்டிநாட்டுல வச்சு நாவல் எழுத உட்கார்ந்தவங்களுக்குத்தான் இந்த வீடியோ.

காரைக்குடியோ கானாடுகாத்தானோ, முதல்ல வீட்டை ஒரு தாள்ல வரைஞ்சு எதிர்ல ஒட்டிக்கோங்க. திண்ணை, முகப்பு, வானம் தெரியிற வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில அடுப்படி. பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. அதனால இங்க சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். சிநேகிதன் எந்தத் தெரு வழியா வர்றான், எந்த நிலைப்படியோட நிக்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பக்கத்துல அதை மட்டும் குறிச்சு வைங்க. எட்டு அத்தியாயம் தாண்டியும் அவன் திண்ணையிலயே இருந்தா கதை நகரலைன்னு தெரிஞ்சிடும்.

அடுத்து உறவுமுறை. நிறைய பேர் சறுக்குற இடம் இது. பாட்டியை எல்லாம் ‘ஆச்சி’ன்னு எழுதிடுறாங்க. நகரத்தார் வீட்டுல அப்பாவைப் பெத்தவங்க அப்பத்தா, அம்மாவைப் பெத்தவங்க ஆயா. அப்பாவை அப்பச்சின்னு கூப்பிடுவாங்க. முதல் பக்கத்துல இது தப்புனா உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிடுவார்.

நடுவுல ஒரு பெரிய காட்சி வேணும்னா பிள்ளையார் நோன்பை எடுங்க. திருக்கார்த்திகையில இருந்து 21-ஆம் நாள். 21 நூல் இழையைத் திரியாக்கி, மாவுல வச்சு ஏத்தி, சுடரோடவே வாயில போட்டுக்குவாங்க. டிசம்பரை ஒட்டி வரும், அரையாண்டுப் பரீட்சை நேரம். ரெண்டு பசங்களும் சேர்ந்து படிக்கிறதுக்கும் தோதா இருக்கும். ஆனா இழை எடுக்கிறது குடும்பச் சடங்கு, வெளியாள் யாரா இருந்தாலும் தள்ளித்தான் நிப்பாங்க. அதைப் போய்ப் பாகுபாடுன்னு எழுதினா எடுபடாது. அதுக்கப்புறம் வர்ற பணியாரத்தைப் பாருங்க. மத்தவங்களுக்கு எவர்சில்வர் தட்டு, இவனுக்கு மட்டும் இலைத்துண்டு. கொடுக்கிறது யாரு? அவன்மேல உசுரா இருக்கிற அப்பத்தாவே கொடுக்கணும். “இன்னும் ரெண்டு போட்டுக்கப்பா”ன்னு அன்பாத்தான் சொல்லுவாங்க. முறைக்கிற வில்லன் ஒருத்தர் மேல எல்லாத்தையும் ஏத்திட்டா, வாசகர் ‘நம்ம வீட்டுல இப்படி இல்ல’ன்னு தப்பிச்சிடுவார்.

பள்ளிக்கூடத்துல சாதியைக் காட்டக் கையில கட்டுற கலர்க் கயிறு இப்ப நடக்கிற கதைக்குப் பொருந்தும். பள்ளிகள்ல சாதி மோதலைத் தடுக்க அரசு அமைச்ச நீதியரசர் சந்துரு குழு 2024 அறிக்கையிலேயே அதைத் தடுக்கச் சொல்லியிருக்கு. ஒரு வரி போதும், கிளைமாக்ஸ் ஆக்காதீங்க.

இன்னொரு கோளாறு: சிநேகிதனைத் தங்கமான பையனாவே வச்சிடுறது. அவனும் பொய் சொல்லட்டும், பொறாமைப்படட்டும். மூணுல ஒரு பங்கு அத்தியாயமாவது அவன் வீட்டுல நடக்கட்டும். இல்லேன்னா அவன் இன்னொருத்தன் மனசு திருந்துறதுக்கு வந்த சாமானாப் போயிடுவான். பதினஞ்சு வயசுக்காரன் ‘சமூகக் கட்டமைப்பு’ன்னு யோசிக்கிறதையும் வெட்டுங்க, அவனுக்குத் தட்டுதான் தெரியும்.

முடிவு. பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்கு முன்னாடி நின்னு பெருமூச்சு விடுறது வேண்டாம், அது சலிச்சுப்போச்சு. அந்த வீடுகள் கல்யாணத்துக்குத் திறக்கும். பல வருஷம் கழிச்சு சிநேகிதனுக்குக் கல்யாணப் பத்திரிகை வருது, வந்து இறங்குறான். எந்தத் தெருவுல இறங்குறான்னு முதல்லயே முடிவு பண்ணி, அந்த அத்தியாயத்தை எழுதி வச்சுட்டு, அப்புறமா ஒண்ணாம் அத்தியாயத்துக்கு வாங்க.