லாபமும் ஏறுகிறது, கடனும் ஏறுகிறது: எப்படி?

இன்றைய முதல் கேள்வி குமுளியிலிருந்து வந்திருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன்.

"நான் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்கிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். இரண்டு வருடமாக ஒரு கம்பெனியின் பங்கு கையில் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையை இறக்கிப் பார்த்தேன், 280 பக்கம். லாபம் வருடா வருடம் கூடுகிறது. கடனும் வருடா வருடம் கூடுகிறது. லாபம் வருகிற கம்பெனி எதற்குக் கடன் வாங்க வேண்டும்? அக்கவுண்ட்ஸ் படிக்காத எனக்கு இதெல்லாம் புரியுமா?"

அண்ணே, இரண்டும் சேர்ந்து ஏறுகிறது என்று நீங்களே பிடித்துவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. மீதியை உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன்.

கிலோ 2,000 ரூபாய் என்று 1,000 கிலோ ஏலக்காய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை இல்லை, கணக்கு எளிதாக வரட்டும் என்று சொல்கிறேன். தோட்டக்காரர்களுக்குக் கையோடு காசு கொடுத்துவிட்டீர்கள், 20 லட்சம். அதில் 800 கிலோவை 2,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள். விற்பனை 20 லட்சம். விற்ற காயின் அடக்கவிலை 16 லட்சம். தரம் பிரிக்கிற பெண்களுக்குக் கூலி, சாக்கு, லாரி வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 1 லட்சம். லாபம் 3 லட்சம். இதுதான் லாப நட்டக் கணக்கு.

ஆனால் கல்லாவைத் திறந்து பாருங்கள். விற்ற 20 லட்சத்தில் கைக்கு வந்தது 9 லட்சம், மீதி 11 லட்சம் வெளியூர் வியாபாரிகளிடம் பாக்கி. வெளியே போனது 20 லட்சமும் செலவு 1 லட்சமும், ஆக 21 லட்சம். வந்தது 9, போனது 21. கல்லாவில் 12 லட்சம் குறைந்திருக்கிறது. லாபம் 3 லட்சம், பணம் மைனஸ் 12 லட்சம். இரண்டும் உண்மை. அந்த வித்தியாசமான 15 லட்சம் எங்கே? 11 லட்சம் அடுத்தவர் சட்டைப்பையில், 4 லட்சம் உங்கள் குடோனில் 200 கிலோ காயாக.

எங்கள் வீட்டில் இது நடந்தது. அப்பா போடியில் காய் வியாபாரம் பார்த்தார். ஒரு வருடம் நோட்டை மூடிவிட்டு நல்ல லாபம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அம்மா கேட்டார்: "லாபம் என்கிறீர்கள், அப்புறம் என் வளையல் ஏன் இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது?" அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டைத் திரும்பத் திறந்து, வடநாட்டு வியாபாரி ஒருவர் பெயருக்கு நேரே இருந்த பாக்கியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பணத்தில் பாதிதான் கடைசிவரை வந்தது. கம்பெனிக் கணக்கை எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அம்மாவின் அந்தக் கேள்வியைத்தான்.

சரி, பேலன்ஸ் ஷீட்டுக்கு வருவோம். அது மார்ச் 31 அன்று ஒரு நாள் எடுத்த போட்டோ. நீங்கள் போட்ட கைமுதல் 10 லட்சம், வங்கிக் கடன் 5 லட்சம் என்றால் ஆரம்பத்தில் கையில் 15 லட்சம். 12 போய் ரொக்கம் 3 லட்சம் நிற்கிறது. அதோடு பாக்கி 11, சரக்கு 4, மொத்தம் 18. இன்னொரு பக்கம் கடன் 5, கைமுதல் 10, லாபம் 3, அதுவும் 18. எது எங்கே இருக்கிறது, அது யார் பணம், அவ்வளவுதான். இப்போது அடுத்த பருவத்துக்குக் காய் வாங்க வேண்டும். கையில் 3 லட்சம்தான். என்ன செய்வீர்கள்? வங்கிக்குப் போவீர்கள். லாபத்தோடு கடனும் ஏறுவது இப்படித்தான்.

இந்தக் கல்லாக் கணக்கு ஆண்டறிக்கையில் தனித் தாளாகவே இருக்கிறது. கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்ட் என்று தலைப்பு போட்டிருக்கும். மூன்று பகுதி: தொழிலிலிருந்து வந்த பணம், இயந்திரம் கட்டடம் போன்றவற்றில் போட்ட பணம், கடனாகவும் பங்காகவும் வாங்கிய, திருப்பிக் கொடுத்த பணம். எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது மைனஸ். பக்கத்தின் மேலே கோடியிலா, லட்சத்திலா என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார்க்காமல் எதையும் படிக்காதீர்கள். தாய்க் கம்பெனிக்குத் தனியாக ஒரு கணக்கும், துணை நிறுவனங்களைச் சேர்த்து கன்சாலிடேட்டட் என்று ஒரு கணக்கும் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். கடன் சில சமயம் துணை நிறுவனத்தில்தான் இருக்கும்.

முதல் பகுதியின் கடைசி எண்ணை லாபத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் போதாது, ஐந்து வருடத்தைக் கூட்டுங்கள். ஐந்து வருட லாபம் 500 கோடி, தொழிலிலிருந்து வந்த பணம் 450, 500 என்றால் பெரிய கவலை இல்லை. லாபம் 500, பணம் 80 என்றால் மீதி எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும்.

தேடுகிற இடமும் உங்களுக்குத் தெரிந்ததே: பாக்கியும் சரக்கும். டிரேட் ரிசீவபிள்ஸ் என்று வரும், வர வேண்டிய பாக்கி. 2021-22 நிதியாண்டிலிருந்து எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று அட்டவணை போட்டே ஆக வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அப்படியே மூன்று வருடத்துக்கு மேல் வரை. பின்னால் நோட்ஸ் பகுதியில் இருக்கும். விற்பனை பத்து சதவீதம் கூடி, பாக்கி நாற்பது சதவீதம் கூடினால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாக்கி வைத்தால்தான் சரக்கு வாங்குவேன் என்கிற ஆளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

சரக்கு இன்னும் முக்கியம். 2019-இல் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. உச்ச விலையில் வாங்கிக் குடோனில் வைத்தவர் நோட்டில் அதே விலையை எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு? அதனால்தான் அடக்கவிலை, இன்றைக்கு விற்றால் கிடைக்கிற விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் கம்பெனி எழுத வேண்டும் என்று விதி. சரக்கு மட்டும் ஏறிக்கொண்டே போய் விற்பனை அதற்கு ஈடாக ஏறாவிட்டால் எனக்கு அந்தக் கம்பெனி வேண்டாம்.

கடன் ஏறுவதெல்லாம் கெட்டது இல்லை. புதுத் தொழிற்சாலை கட்டினால் இரண்டாவது பகுதியில் பெரிய மைனஸ் தெரியும், அதற்காகக் கடன் வாங்கியது மூன்றாவது பகுதியில் தெரியும். முதல் பகுதி நன்றாக இருந்தால் அது வளர்ச்சிக்கு வாங்கிய கடன். முதல் பகுதியே மைனஸாக இருந்து, வருடா வருடம் மூன்றாவது பகுதியை வைத்து ஓட்டினால் அது கூலி கொடுக்க வாங்குகிற கடன். அப்புறம், வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இந்த அளவுகோலைப் போடாதீர்கள். பணமே அங்கே சரக்கு, கணக்கு வேறு மாதிரி.

பணம் இருப்பதாக எழுதியதே பொய் என்றால்? அதுவும் நடந்திருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வேறு வர வேண்டியதாக எழுதியிருந்தார்கள். வெளியில் இருக்கிற நாம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று செய்யலாம். 1,000 கோடி வங்கியில் கிடக்கிறது என்று சொல்கிற கம்பெனிக்கு வட்டி வரவு எவ்வளவு என்று பாருங்கள். 15 கோடிதான் என்றால் அந்தப் பணம் வருடம் முழுக்க அங்கே இருந்ததா, கடைசி நாளில் மட்டும் வந்து நின்றதா என்று கேள்வி வர வேண்டும். அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு அதிக வட்டிக்குக் கடனும் வாங்கினால் இன்னும் பெரிய கேள்வி.

இன்னொன்று, ஆடிட்டர் அறிக்கை. அதில் குவாலிஃபைட் என்ற சொல் வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். படித்த, தகுதியான ஆளை நாம் அப்படிச் சொல்லுவோம், பழக்கத்தில் ஏமாந்துவிடுவோம். கணக்கில் குறிப்பிட்ட சில விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை என்று ஆடிட்டர் அங்கே சொல்கிறார். அந்தப் பத்தியை மொழிபெயர்த்தாவது முழுதாகப் படியுங்கள். நான் 280 பக்கத்தில் முதலில் திறப்பது அதைத்தான்.

அண்ணே, இன்றைக்குக் கடை சாத்திய பிறகு ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: லாபம், தொழிலிலிருந்து வந்த பணம், பாக்கி, சரக்கு. ஐந்து வருடத்துக்கு, கன்சாலிடேட்டட் கணக்கிலிருந்து. பழைய ஆண்டறிக்கைகள் பிஎஸ்இ, என்எஸ்இ என்ற பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் காசில்லாமல் கிடைக்கும். தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த வாரம் அந்த எண்களை வைத்தே பேசுவோம். அடுத்த கேள்வி செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறது.