கொச்சைதான், ஆனால் யார் மேல்? 'பிளேசிங் சாடில்ஸ்' படத்துக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க இயக்குநர் மெல் புரூக்ஸ் 1974இல் எடுத்த 'பிளேசிங் சாடில்ஸ்' என்ற கவ்பாய் நகைச்சுவை இன்று கொண்டாட வேண்டிய படமா, ஒதுக்க வேண்டிய படமா? இதுதான் தலைப்பு. கொண்டாட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று குற்றங்களை அடுக்கினார்: குசுவை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறது, படுக்கையறைப் பேச்சு நிறைந்திருக்கிறது, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் காட்சிக்குக் காட்சி வருகிறது. மூன்றும் படத்தில் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பு யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள்.

கதை நடப்பது 1874இல். ரயில் பாதை போடுகிறார்கள், வழியில் புதைமணல் இருக்குமோ என்று சந்தேகம். குதிரைகளை அனுப்பிப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்கிறான். குதிரையை இழக்க நம்மால் முடியாது என்று சொல்லி, மேற்பார்வையாளன் இரண்டு கறுப்பினத் தொழிலாளிகளைத் தண்டவாளத்தில் ஓடும் கைவண்டியான டிராலியில் அனுப்புகிறான். டிராலியோடு இருவரும் புதைகிறார்கள். கயிறு வருகிறது, நடுவர் அவர்களே, டிராலிக்கு! அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, நானூறு டாலர் வண்டி கிட்டத்தட்டப் போயிருக்குமே என்கிறான். மனிதர்கள் இன்னும் மணலுக்குள். இது படம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் வருகிறது. ஒரு முதலாளித்துவ ஆட்சியின் கணக்குப் புத்தகத்தையே ஒரே நகைச்சுவையில் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தொழிலாளிகளில் ஒருவன்தான் பார்ட். தூக்கில் தொங்க வேண்டியவனை ராக் ரிட்ஜ் என்ற ஊருக்கு ஷெரிஃபாக, அதாவது ஊர்க்காவல் தலைவனாக அனுப்புகிறான் வில்லன். கறுப்பு ஷெரிஃபைக் கண்டால் ஊர் காலியாகும், ரயில் பாதைக்கு நிலம் கிடைக்கும் என்பது அவன் திட்டம். வரவேற்கக் கூடிய கூட்டம் பார்ட்டின் முகத்தைப் பார்த்ததும் துப்பாக்கியை நீட்டுகிறது. அவன் என்ன செய்கிறான்? தன் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து, தன்னையே பிணையாகப் பிடித்துக்கொள்கிறான். ஊரும் நம்பி ஆயுதத்தை இறக்குகிறது! அங்கே யார் முட்டாள், யார் அறிவாளி என்று விளக்கவும் வேண்டுமா?

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு கிழவி வரும் இடம். பார்ட் மரியாதையாகக் காலை வணக்கம் சொல்கிறான். பதிலுக்குக் கிடைப்பது அந்த வசைச்சொல். அப்புறம் ஒரு முரடனிடமிருந்து அவன் ஊரைக் காப்பாற்றுகிறான். அதே கிழவி தான் சுட்ட பலகாரத்தோடு இரவில் அவன் ஜன்னலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, நான் உன்னிடம் பேசினேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே என்கிறாள். எதிரணி நண்பர் இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! வெறுப்பு மனத்திலிருந்து போன பிறகும் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வாசலில் நிற்கும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்த வசைச்சொல்லை வெட்டியிருந்தால் அவள் கேட்கும் மன்னிப்புக்கு என்ன பொருள்?

திரைக்கதை எழுதிய ஐவரில் ஒருவர் ரிச்சர்ட் பிரையர், கறுப்பினக் கலைஞர். பார்ட்டாக அவரே நடிக்க வேண்டும் என்று யூதரான புரூக்ஸ் விரும்பினார், ஸ்டூடியோ ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி வந்தவர்தான் கிளீவன் லிட்டில். அவர் முகத்தில் இருக்கும் அந்த அமைதிதான் படத்தைத் தாங்குகிறது.

சரி, குசுவுக்கு வருவோம். அதற்கு முன் எத்தனையோ வெஸ்டர்ன் படங்களில் கவ்பாய்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பீன்ஸ் தின்றார்கள். ஒருவருக்காவது வயிறு சத்தம் போட்டதா? இந்தப் படத்தில் அப்படி உட்கார்ந்தவர்கள் வரிசையாகக் குசு விடுகிறார்கள். வீரன் என்றால் உடம்பே இல்லாதவன் என்று பல பத்தாண்டுகளாகக் கட்டிய பிம்பத்தை அந்த ஒரு காட்சி உடைத்தது. துப்பாக்கியையும் தோல் நிறத்தையும் வைத்து மிரட்டுகிற ஆட்களுக்கும் நம்மைப் போல வயிறுதான் என்று தெரிந்தபின் அவர்களைப் பார்த்து யார் பயப்படுவார்?

படுக்கையறைப் பேச்சு என்றார்கள். லில்லி என்ற மேடைப் பாடகியாக வரும் மேடலின் கான், ஆண்களைப் பார்த்துச் சலித்துப் போனதாக ஒரு பாட்டுப் பாடுகிறார். கேலி அவரைச் சுற்றி ஜொள்ளு விடும் ஆண்கள் மேல்தான். அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். ஆனால் கடைசிப் பகுதியில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களாகக் காட்டப்படும் ஆண் நடனக் கலைஞர்களைக் கேலி செய்யும் இடத்தை என்னால் ஆதரிக்க முடியாது. அங்கே அடி எளியவர் மேல் விழுகிறது. அது ஓர் இடம். அதற்காக முழுப் படத்தையும் ஒதுக்கச் சொல்வது நியாயமில்லை.

முடிவாக ஒன்று. வில்லனின் ஆட்களிடமிருந்து ஊரைக் காக்க ரயில் தொழிலாளிகள் உதவுவார்கள், பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வேண்டும் என்கிறான் பார்ட். ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். கறுப்பர்களுக்குத் தரலாம், சீனர்களுக்குத் தரலாம், ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் முடியாதாம்! பார்ட் விடவில்லை. எல்லாருக்கும் என்றால்தான் பேச்சு. கடைசியில் எல்லாருக்கும் என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் பார்த்த கண்ணோடு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.