துதிக்கை வைத்த ‘லை’

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, பனி இறங்குகிற இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘நெடுநாள் வாழ்ந்து மறைந்த கிராமத்துத் தாய் நம் நினைவில் நிற்பது வீட்டுக்கு உழைத்ததாலா, ஊருக்கு உழைத்ததாலா?’ இதுதான் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. ஊருக்கு உழைத்ததால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நான்கு பிள்ளைகளைப் பெற்று, 79 வயது வரை வாழ்ந்து, 2024-ல் கண்ணை மூடிய ஒரு தாயின் கடைக்குட்டி நான். இந்தத் தலைப்பில் எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம்தான் என்றார். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்ததே வீட்டு உழைப்பின் பெருமைதான் என்றார். அத்தனையும் உண்மை அண்ணே. ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 299 நிமிடத்தையும் முடித்துவிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்கு அப்புறம் ஒரு தாய் அரிக்கேன் விளக்கோடு தெருவில் இறங்கினாரே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது? அவருடைய தூக்கத்திலிருந்து வந்தது. அதை எந்தத் தொகையும் ஈடுகட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய வருஷம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சம்பளம் இல்லாமல் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு, 46 வயதில், பதினொரு பெண்களுக்கு ஆசிரியர் ஆனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தெருவிளக்கு. அது எரியாத நாளில் அரிக்கேன்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் குவாரியில் கல் உடைக்கப் போகிறவர். காலையிலிருந்து சம்மட்டி பிடித்த கைக்குச் சிலேட்டுக் குச்சி அடங்கவே இல்லை. தொட்டால் ஒடிந்துவிடும். முதல் நாள் மட்டும் நான்கு குச்சி ஒடிந்தது. “எனக்கு இது வராது தாயி, விட்டுரு” என்று எழுந்துவிட்டார். அம்மா அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அழுத்தாத, சும்மா தடவு, புள்ள கன்னத்தத் தடவுற மாதிரி” என்றார். அன்றைக்கு ‘ட’ வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 12 வயது. மறுநாள் எனக்குப் பரீட்சை. என் அம்மா எனக்குப் பக்கத்தில் இல்லாமல் இன்னொருத்தர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊருக்கு உழைக்கிற தாயின் பிள்ளைக்கு அந்த ஏக்கம் உண்டு. எதிரணி அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறது, நியாயம்தான்.

அம்மாவின் எழுத்தில் ஒரு விசேஷம் இருந்தது. 1978-ல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதுவரைக்கும் ணை, லை, ளை, னை இந்த எழுத்துகளுக்கு இப்போது போடுகிற கொம்பு கிடையாது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி எழுத்தின் தலையோடு ஒட்டி வரும். அம்மா படித்தது அந்தக் காலத்து எழுத்து. அறிவொளிப் புத்தகத்தில் புது ‘லை’, சிலேட்டில் அம்மா போட்டது துதிக்கை வைத்த ‘லை’. “புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதும்மா” என்று நான்கூடச் சொன்னேன். “கை பழகிப்போச்சு, என்ன செய்ய” என்றார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே.

அறிவொளியில் எழுத்தோடு சைக்கிளும் பழக்கினார்கள். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் போனார்களே, அந்த அலை எங்கள் ஊர் வரைக்கும் அடித்தது. அம்மாவுக்குக் கடைசி வரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்கள் பழகும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவர் அவர்தான். சேலைக் கரை கிழிந்து, முழங்கால் சிராய்த்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். அவர் அப்படிச் சிரித்து நான் வீட்டுக்குள் பார்த்ததே இல்லை.

அப்புறம் போலியோ சொட்டு மருந்து, மகளிர் குழு. சொட்டு மருந்து நாளில் விடிவதற்குள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எழுப்பிவிடுவார். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்தப் பேப்பரை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் போன பிறகுதான் அது எங்கள் கையில் கிடைத்தது.

எதிரணி அக்கா, “உங்க அம்மா ஒருத்தரை வைத்து ஊரையே அளக்காதீர்கள்” என்றார். சரி, மதுரைப் பக்கம் போவோம். அழகர்கோயில் வட்டாரத்தில் கூலி வேலைக்குப் போன சின்னப்பிள்ளை அம்மாள், பள்ளிக்கூடம் போகாதவர், களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்துச் சேமிக்க வைத்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. அவரும் வீட்டில் சோறாக்கியவர்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வெளியே இருக்கும் நமக்கு அவரைத் தெரிய வைத்தது எது? கந்துவட்டிக்குக் கைகட்டி நின்ற பெண்களைச் சொந்தச் சேமிப்புப் பக்கம் திருப்பினாரே, அதுதான்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். “ஊர் மறந்துவிடும், பெற்ற பிள்ளை மறக்காது” என்றார். அந்த வாக்கியம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அக்கா. நாங்கள் நால்வரும் மறக்கவில்லைதான். பெரியண்ணனுக்கு அம்மா வைக்கிற மிளகு ரசம். சின்னண்ணனுக்கு, காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் போட்ட ஈரத்துணி. அக்காவுக்கு, தலை பின்னிவிடும்போது அம்மா பாடுகிற பாட்டு. எனக்கு, நான் தூங்கிவிட்ட பிறகு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்த சோறு. இதெல்லாம் எங்களோடு இருக்கிறது. எங்களோடேயே போய்விடும். என் மகளுக்கு அந்த ரசத்தின் ருசி தெரியாது. நானும் அதே கைப்பக்குவத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

ஊர் மறந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியும் எழுந்துவிட்டது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மகளிர் குழுவின் தீர்மான நோட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். இரங்கல் தீர்மானம் போட்டிருக்கிறோம், பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம்தான். ‘எங்களை விட்டுப் பிரிந்த’ என்று ஆரம்பித்தது. வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த ‘ளை’யில் நின்றுவிட்டேன். துதிக்கை வைத்த ‘ளை’. அடுத்த வரியில் ‘வேலை’. அதிலும் துதிக்கை. நோட்டைப் பின்னால் புரட்டினேன். பத்து வருஷத்துப் பக்கங்கள், எல்லாவற்றிலும் அதே எழுத்து. அரசாங்கம் மாற்றி 46 வருஷம் ஆகியும், எங்கள் ஊரில் அந்த எழுத்து உயிரோடு இருக்கிறது.

யார் எழுதியது என்று கேட்டேன். கல் உடைத்துக் காய்ப்புக் காய்த்த ஒரு கை முன்னால் வந்தது. மணிக்கட்டைத் தடவிக்காட்டி, “இங்கதான் புடிச்சா உங்கம்மா” என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது புது எழுத்துதான் சொல்லிக்கொடுத்தார்கள். என் அண்ணன்களும் அக்காவும் இப்போது புது எழுத்துதான் போடுகிறார்கள். எங்கள் அம்மா எழுதிய ‘லை’ அவர் பெற்ற நான்கு பேரிடமும் இல்லை நடுவர் அவர்களே. அந்தப் பெண்களிடம் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், பஸ் ஏறி ஊருக்குப் போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கித்தான் பார்க்கிறேன்.

நன்றி, வணக்கம்.