மோட்டார் இல்லாத தொலைகாட்டியில் கமராவைப் பூட்டலாமா?

(கிளிநொச்சியில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் ஏற முதலே ஒரு தம்பி கேட்டுவிட்டார், "சேர், எங்கட தொலைகாட்டியில மோட்டார் இல்லை, அதில படம் எடுக்க ஏலுமா?" வானம் நகர நகரக் குழாயைத் திருப்பிவிடுகிற மோட்டார் இல்லாவிட்டாலும் ஏலும். ஆனால் எதை எடுக்கலாம், எதை எடுக்கப்போனால் மண்டை காயும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித் திருப்புகிற அந்த வகைக்கு டொப்சோனியன் என்று பெயர். ஜோன் டொப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோ தெருவோரத்தில் இப்படி ஒன்றை வைத்துப் போறவாற சனத்துக்கு வானம் காட்டினார். கண்ணால் பார்க்கவென்று வந்த சாமான் அது, கமரா பிறகு வந்த ஆசை.

முதல் தொல்லை போகஸ். கமராவின் லென்ஸைக் கழற்றி, கமராவைத் தொலைகாட்டியோடு பூட்டுகிற டி-வளையம் போட்டு, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டு செருகும் இடத்தில் செருகுகிறீர்கள். நிலா மங்கலாகத் தெரிகிறது, குமிழைத் திருகி முழுக்க உள்ளே விட்டாலும் மங்கல்தான். தொலைகாட்டி பழுது என்று பலர் அந்த இடத்திலேயே கைவிட்டு விடுகிறார்கள். பழுது ஒன்றுமில்லை. டி-வளையத்தின் முகப்பிலிருந்து, படம் பதிகிற சென்சர் 55 மில்லிமீற்றர் பின்னால் இருக்கிறது, தொலைகாட்டியின் ஆடி ஒளியைக் குவிக்கிற இடமோ அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா மெல்லியது, அது சரிவரும் என்று நினைக்காதீர்கள், வழமையான டி-வளையம் அதையும் அதே 55க்குத்தான் தள்ளும், கட்டை வளையமாகப் பார்த்து வாங்கினால்தான் லாபம்.

சுலபமான வழி ஒரு பார்லோ வில்லை. குவியத்தை வெளியே தள்ளும், படத்தையும் பெரிதாக்கும். இன்னொரு வழி, அடியில் உள்ள பெரிய ஆடியை நீளமான போல்ட் போட்டு இரண்டொரு சென்ரிமீற்றர் மேலே ஏற்றுவது. செய்தால் ஆடிகளைத் திரும்ப நேர்ப்படுத்த வேண்டும், கண்ணால் பார்க்கும்போது பார்வைத்துண்டுக்கு ஒரு நீட்டுக் குழாயும் தேவைப்படும். இரண்டுக்கும் வசதி இல்லையென்றால் போனைப் பார்வைத்துண்டோடு சேர்த்துப் பிடிக்கும் தாங்கி ஒன்று வாங்குங்கள், நிலாவுக்கு அது தாராளம். அப்புறம், கமராப் பாரத்தில் குழாயின் வாய் கீழே சரியும், வால் பக்கம் ஒரு சின்ன மணல் பையைக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது தொல்லை பூமி சுற்றுவது. அதனால் வானம் செக்கனுக்கு 15 வில்செக்கன் நகருகிறது (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் வில்செக்கன்). 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம், 4 மைக்ரோமீற்றர் பிக்சல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு செக்கனில் நட்சத்திரம் இருபது பிக்சலுக்கு மேல் ஓடிவிடும். ஆகவே இந்தக் குழாயில் நெபுலா, அதாவது மங்கலான வாயு மேகங்களை, எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். நிலவுக்கு அந்தக் கவலை இல்லை, எட்டு அங்குல எஃப்/6 (குவியத்தூரம் ஆடியின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு) தொலைகாட்டியில் முழுநிலவை ஐ.எஸ்.ஓ 100, 1/250 செக்கனில் தொடங்கிப் பார்க்கலாம், அதற்குள் ஒன்றும் நகராது.

வியாழன், சனிக்கு வீடியோ எடுங்கள். கோளைத் துரத்திக்கொண்டு குழாயைத் தள்ளினால் படம் முழுக்க ஆட்டம்தான். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடாமல் அடுத்த ஹோல்ட்டில் போய் நிற்கிற மாதிரி, கோளுக்குச் சற்று மேற்கே குழாயை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அது உள்ளே வருவதற்குள் ஆட்டம் அடங்கிவிடும். ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும்வரை பதியுங்கள், திரும்பவும் முன்னால் வையுங்கள். பிப் என்கிற இலவச மென்பொருள் கோளை ஒவ்வொரு பிரேமிலும் நடுவுக்குக் கொண்டுவரும், ஓட்டோஸ்டாக்கர்ட் தெளிவானவற்றைப் பொறுக்கி அடுக்கும். வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் ஒருதரம் சுற்றுவதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பதிவை ஒன்றாக அடுக்கினால் அதன் மேகப் பட்டைகள் கலங்கும்.

மோட்டார்த் தாங்கி உள்ளவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும், நமக்கு அது அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில்தான், காட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வன்னியின் சொத்து இருட்டு. அந்த இருட்டைப் பயன்படுத்தத் தொலைகாட்டியே வேண்டாம், 50 மில்லிமீற்றர் லென்ஸும் முக்காலியும் போதும், மூன்று செக்கன் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கினால் ஓரையன் நெபுலா சிவந்து வரும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் நீளக் குழாயை வெளியே எடுக்காதீர்கள்.

சூரியனை எடுக்கிறவர்கள், 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் மாதிரி ஒன்று திரும்ப வரும்போது, சூரிய வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் மாட்டாமல் அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண்ணும் போகும், கமராவும் போகும்.

தொடங்க வளர்பிறை அட்டமி நல்லது, குழிகளின் நிழல் நீளமாக விழும். ஆனால் பொழுதுபடும் நேரம் நிலவு நமக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், அங்கே டொப்சோனியனை இடம் வலமாகத் திருப்புவது பெரும் பாடு. ஒன்பது மணி மட்டும் பொறுத்து, மேற்கே சாய்ந்த பிறகு எடுங்கள்.