கடைசி மூன்று நிமிடம் யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலத்து வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்கு அடியில் முன்கூட்டியே இடம் பிடித்துவிட்ட அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடும் பிரெஞ்சு இளைஞர் விக்டர் வெம்பன்யாமாவை மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீபன் கரி என்ற உச்ச வீரர்களின் வரிசையில் இப்போதே வைக்கலாமா, பொறுத்திருக்க வேண்டுமா என்பது தலைப்பு. (கரி என்றதும் பின்வரிசையில் சிரிக்க வேண்டாம், அவர் பெயரே அதுதான்.) வைக்கலாம் என்ற எதிரணித் தலைவர், அந்த இளைஞரின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டியதில் மைக்கே சாயப் பார்த்தது. 7 அடி 4 அங்குலம், ஒப்புக்கொள்கிறேன். 2023இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்ததும், மறு ஆண்டு வாக்களித்த அத்தனை பேரும் அவரையே சிறந்த புதுமுகம் என்றதும் உண்மைதான். பெரிய ஆளாக வருவார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நானும் கட்டுவேன். ஆனால் தலைப்பில் 'வருவார்' இல்லை ஐயா, 'இப்போதே' இருக்கிறது.

முதல் பருவத்தில் லெப்ரான் ஆட்டத்துக்கு 20.9 புள்ளி, இவர் 21.4, ஆகவே இவர் ஒரு படி மேல் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த லெப்ரான் யார்? பள்ளியிலிருந்து நேரே வந்து இறங்கிய பதினெட்டு வயதுப் பையன். 2007 இறுதிச் சுற்றில் 4–0 என்று தோற்றார். தோற்கடித்தது டிம் டங்கனின் ஸ்பர்ஸ், அதாவது இன்று வெம்பன்யாமா ஆடுகிற அதே அணி! லெப்ரான் முதல் கோப்பையைத் தொட்டது 2012இல், ஒன்பதாவது பருவத்தில். மாங்கன்றை மாங்கன்றோடு அளந்துவிட்டு, காய்ப்பிலும் மரத்துக்குச் சமம் என்றால் அம்மாபேட்டையில் பழம் விற்கும் பாட்டிகூட ஒப்ப மாட்டார்.

என் சொந்தக் கதை ஒன்று. பள்ளியில் நானும் கூடைப்பந்து ஆடினேன். முதல் மூன்று ஆட்டங்களில் என்னைப் பிடிக்க ஆளில்லை; வீட்டில் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். நான்காவது ஆட்டத்தில் எதிரே ஒல்லியான ஒரு பையன். நான் வலப்பக்கம் மட்டுமே போவேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தப் பக்கமே காலை ஊன்றி வழியை மறித்து நின்றான். இடக்கையால் பந்தைத் தட்டினேன்; அது என் ஷூவிலேயே பட்டு வெளியே ஓடியது. அன்று நான் எடுத்தது இரண்டே புள்ளி. உலகம் நம்மைப் படித்து முடித்த பிறகு எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் உச்ச வீரரின் கணக்கு. டங்கன் அப்படி 19 பருவம் ஆடி ஐந்து கோப்பை வாங்கினார்.

வெம்பன்யாமாவுக்கு 2025இல் 21 வயது. முதல் இரண்டு பருவங்களிலும் அவர் அணி பிளேஆஃப் எனும் கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுப் பக்கம் போகவில்லை. இரண்டாவது பருவம், தோளில் ரத்தம் உறைந்ததால் 2025 பிப்ரவரியிலேயே அவருக்கு முடிந்துவிட்டது. அது அவர் குற்றமல்ல. ஆனால் 22 வயதில், 2011இல், மிக இளைய எம்விபி, அதாவது பருவத்தின் சிறந்த வீரர், ஆன டெரிக் ரோஸை நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டே முழங்கால் தசைநார் கிழிந்தது. பழைய ரோஸ் திரும்பவே இல்லை. அவசரமாக நாற்காலி போட்டவர்கள் அதைச் சத்தமில்லாமல் எடுத்தும் வைத்தார்கள்.

கடைசியாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். நமக்கு நள்ளிரவு ஒரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, தலையணையில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு எதிராக வெம்பன்யாமா 26 புள்ளி எடுத்தார். இரு அணியிலும் அவர்தான் அதிகம். மூன்று நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் மூன்றே புள்ளி பின்தங்கியிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது பந்து 36 வயதுக் கரியிடம் வந்தது. தூரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதற்கு இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே பாய்ந்தார்கள். அவர்கள் விரல்களுக்கு மேலே பந்து எழும்பி வலைக்குள் இறங்கியது. கரி இரண்டு கைகளையும் கன்னத்தில் சேர்த்துத் தூங்குவதுபோலச் சாய்ந்தார். 98–87.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த மூன்று நிமிடம் மறுபடி வந்தால், இருவரும் உங்கள் அணியிலேயே இருந்தால், பந்தை யார் கையில் கொடுப்பீர்கள்?