யார் யாரிடம் பேசினால் 'இன்சலன்ட்'?

நேயர்களுக்கு வணக்கம். மரியாதைக் குறைவான நடத்தையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உண்டு. ரூட், இம்பர்டினன்ட், இம்பூடன்ட், இன்சலன்ட். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். புழக்கத்தில் இவை ஒன்றல்ல.

ரூட் என்பது பொதுச்சொல். பேருந்தில் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவரும் ரூட்தான், வரிசையில் நிற்பவர்களைக் கண்டுகொள்ளாமல் போனில் பேசும் அலுவலரும் ரூட்தான். மற்ற மூன்றும் பெரும்பாலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் வரம்பு மீறும்போது வருபவை. ஆசிரியரை எதிர்த்துப் பேசும் மாணவனை இன்சலன்ட் என்பார்கள். அதே ஆசிரியர் மாணவனை எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் அந்தச் சொல் அவர் மேல் விழுவதில்லை.

சரி, இந்த மூன்றுக்குள் என்ன வித்தியாசம்? இம்பர்டினன்ட் என்பதற்கு முதலில் 'சம்பந்தமில்லாதது' என்றே பொருள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் மேலாளரிடம் "உங்களுக்கு எவ்வளவு சம்பளம் சார்?" என்று கேட்டால் அது இம்பர்டினன்ட். குரல் பணிவாகவே இருந்தாலும் கேள்வி அவருடைய எல்லையைத் தாண்டியது. இம்பூடன்ட் என்பதன் லத்தீன் மூலச்சொல்லுக்கு 'வெட்கமில்லாத' என்று பொருள். கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் கூச்சமில்லாமல் வாதாடுவது இது. மூன்றிலும் கடுமையானது இன்சலன்ட். வேண்டுமென்றே அவமதிப்பது, வாயே திறக்காமல் ஒரு பார்வையாலும் செய்யலாம்.

பார்வைகூடக் குற்றமாகலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1855இல் வெளியான தன்வரலாற்றில் இம்பூடன்ஸ், அதாவது இம்பூடன்ட்டாக நடந்துகொள்வது, என்ற குற்றச்சாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். பதில் சொன்ன தொனியில் அதைக் கண்டுபிடிப்பார்களாம். பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். முகபாவம், தலையசைப்பு, நடை, எதிலும் அது இருக்கலாம். முடிவு செய்பவர் எஜமானர். சாட்டையடிக்கு அது போதும். இந்தச் சொற்களைக் கேட்கும்போது, சொல்லப்பட்டவரைவிடச் சொன்னவர் யார் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

அப்புறம், நம் ஊர் அலுவலக மெமோக்களில் அடிக்கடி வரும் இன்சபார்டினேஷன், அதாவது கீழ்ப்படியாமை. இது நடத்தையைவிட உத்தரவைப் பற்றியது. தொழில் நிறுவனங்களுக்கான 1946ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் இருந்த மாதிரி நிலையாணைகள், அதாவது வேலையிடத்துக்கான மாதிரி ஒழுங்கு விதிகள், மேலதிகாரியின் சட்டபூர்வமான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே பணியாமல் போவதை ஒரு குற்றமாகப் பட்டியலிட்டன. சொன்ன வேலையைச் செய்துவிட்டு முகத்தைச் சுளித்தவர் ரூட் ஆக இருக்கலாம், உத்தரவை மீறியவர் ஆகமாட்டார். அப்படி ஒரு மெமோ உங்கள் கைக்கு வந்தால், எந்தத் தேதியில் எந்த உத்தரவை மீறினேன் என்று எழுத்திலேயே கேளுங்கள். நன்றி, வணக்கம்.