பாடுற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்

(சபை நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் குருவானவர் ஐயா அவர்களே, தொடங்கிய நாள் முதல் இந்த நூலகத்துக்கு மின்கட்டணம் கட்டிவரும் பெரியவர் அவர்களே (பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், ஆனால் இங்கே தெரியாதவர் யாரும் இல்லை), பெண்கள் சங்கத்துத் தாய்மார்களே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். வெயிலில் பந்தல் போட்ட வாலிபர்களுக்கும், இப்போது தேநீர் போட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் மறந்துவிடுவேன்.

எத்தியோப்பியாவின் லுத்தரன் திருச்சபையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். முதலாவது, அந்த நாட்டு ஒரோமோ மக்களின் மொழிக்கு வேதம் வந்த கதை. இரண்டாவது, மிஷனெரிகள் நடத்திய பள்ளிகளும் மருத்துவப் பணியும். மூன்றாவது, அந்தச் சபையின் தலைவர்களில் ஒருவரான குதினா தும்சாவின் இரத்தசாட்சி மரணம்.

சுவீடன் தேசத்து லுத்தரன் மிஷனெரிகள் 1866-ல் செங்கடல் கரையில் மசாவா துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தேடி வந்தது உள்நாட்டில் இருந்த ஒரோமோ மக்களை. வழி திறக்கவில்லை. காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. நாம் போக முடியாவிட்டால் அந்த மக்களில் ஒருவர் நம்மிடம் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

வந்தவர் ஓர் அடிமைப் பையன். பெயர் ஹிக்கா. சிறு வயதிலேயே திருடப்பட்டு, பல கை மாறி விற்கப்பட்டு, 1870-ல் மசாவாவில் விடுதலையானவன். மிஷன் பள்ளியில் சேர்ந்து 1872-ல் ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்கு வைத்த பெயர் ஒனேசிமுஸ். பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் வருகிற அதே அடிமையின் பெயர்தான், நம் வேதத்தில் ஒநேசிமு. சுவீடனில் ஐந்து ஆண்டு படித்துவிட்டு, தாய்நாட்டுக்குப் போய்ச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார். சூடான் வழியாகப் போய்ப் பார்த்தார், நடக்கவில்லை. இன்னொரு முயற்சியும் வீணானது. சரி, நான் போகாவிட்டால் வேதம் போகட்டும் என்று மசாவாவுக்குப் பக்கத்தில் எம்குல்லு என்ற இடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

அங்கேதான் சிக்கல். சிறு பிள்ளையாகப் பிரிந்து போனவருக்குத் தாய்மொழியில் எத்தனை சொல் மிஞ்சியிருக்கும்? மாட்டுத் தொழுவத்தின் சொல், பிள்ளைப்பேற்றின் சொல், ஒப்பாரியின் சொல், இதெல்லாம் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தானே வரும்?

இந்த இடத்தில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குப் புதிதாக ஓர் ஐயர் வந்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இளம் வயது, நல்ல படிப்பு. பிரசங்கம் முழுக்க எழுதிவைத்த தமிழ். அப்பாயி முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஞாயிறும் தூங்குவாள். அவர் மனம் வருந்தி ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாயி மாட்டடியில் குந்தியிருக்கிறாள். "பாட்டி, என் பிரசங்கம் புரிகிறதா?" என்று கேட்டார். அப்பாயி, "செத்த இருங்க ஐயரே" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொடுத்துத் தாலாட்டு மாதிரி ஒன்று பாடினாள். அந்த மாடு அப்படித்தான், பாட்டு இல்லாமல் சுரக்காது. எங்கள் அம்மா கறந்தால் உதைக்கும். செம்பு நிறைந்தது. அப்பாயி எழுந்து, செம்பை அவர் கையில் கொடுத்து, "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் ஐயரே" என்றாள்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. அதுதான் அவர் பெருமை. மறு வாரத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் எங்கள் திண்ணைக்கு வந்தார், கையில் ஒரு நோட்டு. "அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள், அது என்ன?" என்று அப்பாயி கேட்பாள். அவர் விழிப்பார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் "அம்மியும் குழவியும்" என்று கத்துவோம். விடுகதை, பழமொழி, நடவுப் பாட்டு எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. அவர் பிரசங்கமும் மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாயி விழித்திருந்து அழுததை நான் பார்த்தேன்.

அப்புறம் அவருக்கு மாற்றல் வந்தது. நோட்டை ஆலயத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். அப்பாயி இறந்த பிறகு நான் தேடிப்போனபோது அலமாரியில் கரையான் புற்று இருந்தது. நோட்டு இல்லை. நாற்பது ஆண்டாகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஒனேசிமுஸுக்குக் கிடைத்தவர் ஆஸ்டர் கன்னோ என்ற பெண். நம் எஸ்தர்தான் அவர்கள் நாவில் ஆஸ்டர். அரபு நாட்டில் விற்கக் கப்பலில் கொண்டுபோனபோது, 1886-ல் இத்தாலியக் கப்பல்கள் மறித்து விடுவித்தன. எம்குல்லு பள்ளிக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரோமோ மொழி உயிரோட்டமாக வந்தது. முதலில் அகராதிக்குச் சொற்களைத் திரட்டினார். அந்தச் சொற்களைக் கொண்டுதான் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார்கள். அது 1893-ல் வெளிவந்தது. அதோடு விடவில்லை. விடுகதை, பழமொழி, கட்டுக்கதை, பாட்டு என்று 500 எழுதிவைத்தார். அவற்றில் பல 1894-ல் எழுத்துக் கற்கும் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகமாக வந்தன. வேதம் படிக்க வந்த பிள்ளை தன் பாட்டியின் கதையைத்தான் முதலில் வாசித்தது. பாடுற மாட்டைப் பாடிக் கறந்தவர் அவர்!

முழு வேதாகமம் 1899-ல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. முகப்புப் பக்கத்தில் ஒனேசிமுஸ் பெயர் இருக்கிறது. ஆஸ்டர் பெயர் இல்லை. ஒனேசிமுஸை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர் பெரிய மனிதர். ஆனால் மொழியைக் கொடுத்தவளின் பெயர் விட்டுப்போனது எனக்குப் பொறுக்கவில்லை. 1904-ல் இருவரும் மற்றவர்களோடு, எத்தியோப்பியாவின் மேற்கில் ஒரோமோ மக்கள் வாழும் வொல்லேகாவுக்குப் போனார்கள். ஆஸ்டர் அங்கே நெக்கெம்தே என்ற ஊரில் ஆசிரியையாக இருந்தார். ஒனேசிமுஸ் பிரசங்கிக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்து ஆண்டு போல அப்படியே. தடை இருந்தும் வீடுகளில் புத்தகம் இருந்தது, வாசிக்கக் கற்ற பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த வொல்லேகாவிலிருந்து வந்தவர்தான் குதினா தும்சா. 1959-ல் எத்தியோப்பியாவின் லுத்தரன் சபையான மெக்கானே யேசுஸ் திருச்சபை தனிச் சபையாக எழுந்தது, "இயேசு வாசம்பண்ணும் இடம்" என்று பொருள். குதினா அதன் பொதுச்செயலாளர். இராணுவ ஆட்சியின் காலத்தில், வெளிநாட்டுக்குத் தப்ப வழி கிடைத்தும் மந்தையை விட்டுப் போக மறுத்தார். 1979 ஜூலை 28 அன்று கடத்திக் கொன்றார்கள். அவர் மனைவி பத்து ஆண்டு சிறையில் இருந்தார். இதற்கே ஒரு தனிக் கூட்டம் வேண்டும். மருத்துவப் பணிக்கும் அப்படித்தான். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கோ இன்னும் கேட்க வேண்டியதைக் கேட்டாகவில்லை.

நம் சபையில் எண்பது தாண்டிய தாய்மார்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். நான் எண்ணியிருக்கிறேன். போன ஆண்டு பதினான்கு. மின்கட்டணப் பெரியவர் ஐம்பது நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஐயா அவர்கள் இரும்பு அலமாரி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கரையான் ஏறாத அலமாரி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் மேசைமேல் இருக்கிறது. பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எழுதத் தொடங்கும் முன் முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்கு மேலே பாட்டியின் பெயரை முழுசாக எழுதுங்கள், அவருடைய அம்மா பெயரோடு.